பட்டாளத்துப் பயிற்சியிலிருந்து பாதியில் அனுப்பிவிட்டால்

போளூர் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 19 வயது. நான்கு வருடப் பணிக்கு மட்டும் எடுக்கும் அக்னிவீராகத் தேர்வாகிப் பயிற்சி மையத்துக்குப் போனான். ஒன்பதாவது வாரம் இடது காதில் சீழ் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், செவிப்பறையில் ஓட்டை என்றார்கள், மெடிக்கல் போர்டு வைத்தார்கள், ஒரு இரும்புப் பெட்டியும் ஒரு கவருமாக ரயிலேற்றிவிட்டார்கள். "சேரும்போது ஃபிட் என்று அவர்களேதான் எழுதினார்கள். இப்போது இவ்வளவு சின்ன விஷயத்துக்கு டிஸ்மிஸ் பண்ணலாமா? பணம் ஏதாவது வருமா? மறுபடி சேர முடியுமா?" என்பது கேள்வி. வழியனுப்பும்போது தெருமுனையில் கட்டிய ஃப்ளெக்ஸ் இன்னும் அப்படியே நிற்கிறது, தம்பி அந்தப் பக்கமே போவதில்லை என்றும் எழுதியிருந்தார்.

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டன்டாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். மெடிக்கல் போர்டு நடக்கும் அறைகளில் பல வருடம் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 'டிஸ்மிஸ்' என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லாதீர்கள். உங்கள் தம்பியை டிஸ்மிஸ் செய்யவில்லை. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தில் பணிநீக்கம் 20ஆம் பிரிவில் வருகிறது. நடத்தை சரியில்லாதவனை வெளியே தள்ளுவதற்கு அது. அவனை அனுப்பியது 22ஆம் பிரிவின் கீழ் வரும் டிஸ்சார்ஜ், அதாவது விடுவிப்பு. மருத்துவக் காரணத்தால் அப்படி விடுவிப்பதைப் பட்டாளத்தில் 'போர்டு அவுட்' என்பார்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டிஸ்மிஸ் ஆனவனுக்கு வேறு அரசு வேலைகூடக் கஷ்டம். போர்டு அவுட் ஆனவன் மேல் ஒரு கறையும் கிடையாது. ஊரில் "என்னமோ தப்புப் பண்ணிட்டு வந்துட்டான்" என்று யாராவது பேசினால் இதை நேராகச் சொல்லிவிடுங்கள்.

அதே சட்டத்தின் 23ஆம் பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். விடுவிக்கப்படும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் கமாண்டிங் ஆபீசர் ஒரு சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். யாருடைய அதிகாரத்தில் விடுவித்தார்கள், என்ன காரணம், மொத்தம் எவ்வளவு நாள் பணி என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். அது அவனுடைய தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அப்படியென்றால் தமிழில் கேட்டு வாங்க அவனுக்கு உரிமை உண்டு. கவரில் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா, காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். மற்ற எல்லாம் அந்த ஒரு வரியில் இருந்துதான் தொடங்குகிறது.

காரணம் என்ற இடத்தில் பொதுவாக மூன்றில் ஒன்று இருக்கும். மருத்துவத் தகுதி இல்லை, இன்வாலிடிங் போர்டின் பரிந்துரை என்று இருந்தால் அதுதான் போர்டு அவுட். 'திறமையான சிப்பாயாக வருவதற்கு வாய்ப்பில்லை' என்று இருந்தால் அது வேறு வழி. கசம் பரேடு முடியாத ரெக்ரூட்டை, அதாவது பயிற்சியில் இருந்துகொண்டு இன்னும் சத்தியப்பிரமாணம் எடுக்காதவனை, 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளின் 13ஆம் விதிப்படி கமாண்டிங் ஆபீசரே விடுவிக்க முடியும். அந்த வழியில் போனால் நோயின் கதை முழுதாகப் பதிவாகாமலே போய்விடக்கூடும். மூன்றாவது, 'சொந்த விருப்பத்தின் பேரில்'. இதுதான் நான் பயப்படுவது. ஆஸ்பத்திரி வார்டில் மூன்று வாரம் படுத்துக் கிடக்கும் பையன், கூட வந்தவர்கள் ஓட்டத்திலும் ஃபயரிங்கிலும் முன்னே போய்விட்டார்கள் என்ற ஏக்கத்தில் இருப்பான். வீட்டுக்குப் போகலாம் என்று யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவான். தம்பியிடம் திட்டாமல் மெதுவாகக் கேளுங்கள், எத்தனை காகிதத்தில் கையெழுத்துப் போட்டான், எதையாவது படித்துக் காட்டினார்களா என்று.

சரி, காதில் ஒரு ஓட்டை இவ்வளவு பெரிய விஷயமா?

நம் வீட்டில் இருப்பவருக்குச் சின்ன விஷயம்தான். செவிப்பறை ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாத சவ்வு, வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது. அதில் ஓட்டை விழுந்த எத்தனையோ பேர் கடை நடத்துகிறார்கள், பஸ் ஓட்டுகிறார்கள், பாடம் நடத்துகிறார்கள். காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாது. ஆனால் பட்டாளத்தில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள முடியாது. ஆற்றைக் கடக்கச் சொல்வார்கள், நீச்சல் பரீட்சை இருக்கும், மழையில் மூன்று நாள் படுத்துக் கிடக்க வேண்டி வரும். ஓட்டை வழியாகக் குளிர்ந்த தண்ணீர் நடுக்காதுக்குள் போனால் சிலருக்குத் தலை கிறுகிறுவென்று சுற்றும். கழுத்தளவு தண்ணீரில் முதுகில் சுமையோடு நிற்கும் ஒருவனுக்கு அந்தச் சுற்றல் உயிருக்கே ஆபத்து. அப்புறம் சத்தம். ரைஃபிள் வெடிக்கும் கணத்தில் சுடுபவன் காதருகே 150 டெசிபலைத் தாண்டும். 140க்கு மேல் போனால் ஒரே வெடியில்கூட காது கெடலாம். ஏற்கெனவே கேட்கும் திறன் குறைந்த காதோடு ராத்திரி சென்ட்ரி நிற்பவனை நம்பி ஒரு பிளட்டூனே தூங்குகிறது என்பதையும் யோசியுங்கள்.

ராணுவ மருத்துவத்தில் 'ஷேப்' என்று ஒரு கணக்கு உண்டு. மனநிலை, கேட்கும் திறன், கைகால், உடல் திறன், பார்வை ஆகிய ஐந்துக்கும் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். ஐந்திலும் 1 வாங்கினால்தான் ரெக்ரூட்டாகச் சேர முடியும். இருபது வருடம் பணி செய்த ஹவில்தாருக்குக் காதில் குறை வந்தால் கேட்டகரியைக் குறைத்து, ஸ்டோரிலோ ஆபீசிலோ வேலை கொடுத்து வைத்துக்கொள்வார்கள். ரெக்ரூட்டுக்கு அந்த வசதி கிடையாது, அவன் இன்னும் எந்த வேலையும் கற்றுக்கொள்ளவில்லை. கால் எலும்பில் கீறல் விழுந்தால், காய்ச்சலில் படுத்தால், அடுத்த பேட்ச்சோடு சேர்த்துவிடுவார்கள். அதை ரிலிகேட் என்பார்கள். நாள்பட்டுத் திரும்பத் திரும்ப வரக்கூடியது என்று டாக்டர் முடிவு செய்துவிட்டால் போர்டுதான். ஆக, அனுப்பியதே அநியாயம் என்று வாதாடுவதில் பலன் குறைவு. அந்த இடத்தில் நிர்வாகத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அநியாயம் நடந்திருந்தால் அது வேறு இடத்தில் நடந்திருக்கும். "சேரும்போது ஃபிட் என்று எழுதினார்களே" என்று நீங்கள் கேட்டது அந்த இடத்தைத்தான்.

ஆளெடுப்பு ரேலியில் ஓடி முடித்து, புல்-அப் எடுத்து, அளவு கொடுத்து, கடைசியில் பையன்கள் மெடிக்கலுக்கு வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு காதிலும் டாக்டர் ஓட்டோஸ்கோப்பை வைத்துப் பார்ப்பது சில விநாடிகள்தான். காதில் அழுக்கு இருந்தால் செவிப்பறையே தெரியாது. சுத்தம் செய்துகொண்டு வா என்று அனுப்புவதுதான் முறை, பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அரைகுறையாகத் தெரியும் காது தப்பிப் போய்விடுவதும் உண்டு. காய்ந்து கிடக்கும் சின்ன ஓட்டை, வலியும் இல்லை, சீழும் இல்லை என்றால் பையனுக்கே தெரியாது. இல்லையென்றால் ஓட்டையே அப்போது கிடையாது, பயிற்சியில்தான் வந்தது. நீச்சல் குளத்தில் வந்த தொற்று, வெடிச்சத்தம், காதில் விழுந்த ஓர் அடி என்று எதுவாகவும் இருக்கலாம். முன்னாடியே இருந்ததா, பணியில் வந்ததா, இருந்தது பணியால் மோசமானதா என்ற கேள்விக்கு போர்டு ஒரு பதில் எழுதியாக வேண்டும். தம்பியின் பணம் முழுக்க அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

போர்டு எழுதும் படிவத்தின் பெயர் ஏஎஃப்எம்எஸ்எஃப்-16. அதன் நகல் உங்கள் கவரில் இல்லை என்றால் முதல் வேலை அதை வாங்குவது. அதில் இரண்டு பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒன்று, பையன் தானே கொடுத்ததாகச் சொல்லும் வாக்குமூலம். சேருவதற்கு முன்னால் இந்த நோயோ இது மாதிரி எதுவுமோ இருந்ததா என்று அதில் ஒரு கேள்வி வரும். இன்னொன்று, போர்டின் கருத்து. பணியால் வந்ததா, பணியால் மோசமானதா, இரண்டும் இல்லையா. முன்னாடியே இருந்தது என்றால், சேர்க்கையில் நடந்த வழக்கமான பரிசோதனையில் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்குமா. ஊனம் எத்தனை சதவீதம். இரண்டும் இல்லை என்று எழுதினால் அதற்கு ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'நானா' என்பார்கள். 'நானா போட்டுட்டாங்க சார்' என்று எத்தனையோ பையன்கள் வந்து என்னிடம் நின்றிருக்கிறார்கள்.

அந்த வாக்குமூலம் எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ராமநாதபுரம் பக்கத்துப் பையன், இதே காதுக் கதைதான். டாக்டர் இளம் மேஜர், நல்ல மனிதர். வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். அவர் ஹிந்தியில் கேட்டார், "பஹ்லே ஸே தா க்யா?" முன்னாடியே இருந்ததா என்று அர்த்தம். பையன் விறைப்பாக நின்று "ஜி சாப்" என்றான். அவனுக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை. பயிற்சியில் முதல் வாரத்திலேயே நாக்கில் ஏறிவிடும் வார்த்தை அது. யார் எது கேட்டாலும் ஜி சாப்தான். மேஜரின் பேனா ஓடியது, 'சிறு வயதிலிருந்தே காதில் சீழ்' என்று. நான் ட்ரேயைக் கீழே வைத்துவிட்டு, சார், ஒரு நிமிஷம், நான் தமிழில் கேட்கட்டுமா என்றேன். கேட்டேன். "ஆறாவது படிக்கும்போது ஊருணியில குளிச்சு ஒரு தடவை காது வலிச்சுச்சு சார், அம்மா எண்ணெய் காய்ச்சி ஊத்துனாங்க, சரியாப் போச்சு. சீழெல்லாம் வந்ததே இல்ல" என்றான். அதை அப்படியே சொன்னேன். மேஜர் பேனாவைத் திறந்து முதலில் எழுதிய வரியை அடித்து, கையெழுத்துப் போட்டு, மறுபடி எழுதினார். தமிழ் தெரிந்த ஒருவன் அன்றைக்கு அந்த அறையில் டியூட்டியில் இல்லாமல் இருந்திருந்தால்? பணியிலிருந்து வந்து இத்தனை வருடம் ஆகியும் அதை நினைத்துக்கொள்வேன்.

பொய் சொல்லச் சொல்லவில்லை, தங்கச்சி. சின்ன வயதிலேயே சீழ் வந்து டாக்டரிடம் காட்டியிருந்தால் அதுதான் உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஒரு தடவை காது வலித்ததை வருடக்கணக்கான நோயாக எழுதியிருந்தால் மட்டும் அதை மறுத்து எழுதலாம், எழுத வேண்டும். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பள்ளியிலோ பழைய சீட்டு ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இல்லை என்பதே உங்களுக்குச் சாதகம்.

இப்போது பணம். இங்கே அக்னிவீருக்கும் பழைய முறை ரெக்ரூட்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் தீர்ப்புகளைப் படித்துவிட்டுப் பலர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

2022 ஜூனில் அக்னிவீர்களை எடுக்கும் அக்னிபாத் திட்டம் வருவதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு, நோய் பணியால் வந்தது அல்லது பணியால் மோசமானது என்றும் ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ என்றும் போர்டு எழுதினால் மாதாமாதம் ஊன ஓய்வூதியம் உண்டு. எத்தனை வருடம் பணி என்ற கணக்கு அதற்குக் கிடையாது, பயிற்சியில் இருந்த ரெக்ரூட்டுக்கும் பொருந்தும். இதில் உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கியமான தீர்ப்புகள் கொடுத்திருக்கிறது. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில், சேரும்போது நோய் எதுவும் குறித்து வைக்கவில்லை என்றால் அவன் நல்ல உடலோடு வந்தான் என்றே கொள்ள வேண்டும், பின்னால் வந்த நோய் பணியால் வந்ததல்ல என்று நிரூபிப்பது நிர்வாகத்தின் வேலை என்றது. 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கு, அதுவும் காது கேளாமைதான், ஊனம் 20 சதவீதத்துக்குக் கீழே என்று போர்டு எழுதியிருந்தது. ஒருவனைப் பணியை விட்டே அனுப்பும் அளவுக்கு ஊனம் என்றால் அது 20 சதவீதத்துக்கு மேல் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சேர்க்கும்போது பார்க்காமல் விட்டதற்குச் சேர்க்கை மருத்துவக் குழுவுக்கே பரிசு கொடுப்பது மாதிரி ஆகிவிடும் என்றும் அதில் சொன்னார்கள். நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் நீதிபதிகளும் கேட்டிருக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2019இல் நர்சிங் யாதவ் என்பவரின் வழக்கில், சேரும்போது குறிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் பணியால் வந்தது என்று ஆகிவிடாது, மருத்துவக் குழுவின் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மனநோய் சம்பந்தப்பட்ட வழக்கு. அதோடு, தரம்வீர் சிங் தீர்ப்பு 1982ஆம் ஆண்டு விதிகளை வைத்து எழுதியது. அந்த விதிகள் 2008இல் மாறி, 2023 செப்டம்பரில் மறுபடி மாறிவிட்டன. அதனால் வக்கீல் யாராவது அந்தத் தீர்ப்பைக் காட்டி 'கேஸ் நூத்துக்கு நூறு' என்று சொன்னால், தம்பியின் தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் தம்பி அக்னிவீர். அக்னிவீருக்கு ஓய்வூதியமே கிடையாது, அதனால் ஊன ஓய்வூதியம் பற்றிய வாதமே அவனுக்கு எழாது. அவனுக்கு இருப்பது இதுதான்: ஊனம் பணியால் வந்தது அல்லது மோசமானது என்று போர்டு சொன்னால், ஊனத்தின் அளவைப் பொறுத்து ஒரே தடவையாக 44 லட்சம், 25 லட்சம் அல்லது 15 லட்சம் ரூபாய். அதோடு நான்கு வருடத்தில் மீதியுள்ள காலத்துக்கான முழுச் சம்பளமும், பணி முடிவில் மொத்தமாகக் கொடுக்கும் சேவா நிதியும். 'நானா' என்று எழுதினால் இந்த இழப்பீடு கிடையாது. முதல் வருடத்தில் மாதம் 30,000 ரூபாய் சம்பளத்தில் 9,000 ரூபாய் சேவா நிதிக்குப் பிடித்துக்கொண்டு 21,000 கையில் வரும். அவன் பங்காகப் பிடித்த பணம் அவனுடையது, அதை விடாமல் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதப் பிடித்தம் சின்னத் தொகைதான், இருந்தாலும் அவன் ஓடி வியர்வை சிந்திச் சம்பாதித்தது.

காதில் ஓட்டை என்பதற்கு மட்டும் பெரிய சதவீதம் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வீண் நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கேள்விக்குறைவு எவ்வளவு என்று அளந்து பார்க்காமல் அதைப் பற்றி யாரும் முடிவாகப் பேச முடியாது.

மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. கோரிக்கையை மறுத்துக் கடிதம் வந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் தள்ளுபடியானால் மறுபடி ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம், அதற்குச் சென்னையிலேயே கிளை இருக்கிறது. அங்கேயும் ஆறு மாதக் கெடுதான், தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டினால் மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. முதல் மேல்முறையீட்டுக்கு வக்கீல் தேவையே இல்லை, தெளிவான ஒரு கடிதம் போதும். எந்தக் கடிதம் அனுப்பினாலும் ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் கையில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. சிப்பாய்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீசின் பொதுத் தகவல் அதிகாரிக்குத் தம்பியின் பெயரிலேயே, அவன் ஆர்மி நம்பரைப் போட்டு எழுத வேண்டும், நீங்கள் எழுதினால் தரமாட்டார்கள். சேர்க்கையின்போது நடந்த மருத்துவப் பரிசோதனைப் படிவம், பயிற்சி மையத்துக்குப் போனதும் பார்த்த மெடிக்கல், எம்.ஐ. ரூமில், அதாவது பயிற்சி மையத்தின் மருத்துவ அறையில், ஒவ்வொரு தடவையும் உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட் செய்த பதிவு, ஆஸ்பத்திரி கேஸ் ஷீட், போர்டு படிவம் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். எம்.ஐ. ரூம் பதிவை மட்டும் மறந்துவிடாதீர்கள். எந்தத் தேதியில் முதன்முதலில் காது வலி என்று போனான், அதற்கு முந்தின நாள் என்ன பயிற்சி நடந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் சாட்சி. ரிலிகேட் ஆகிவிடுவோமோ என்ற பயத்தில் பையன்கள் வலியை மறைத்துக்கொண்டு ஓடுவார்கள், அதனால் பதிவில் இருக்கும் தேதி வலி தொடங்கிய தேதியாக இருக்காது. தம்பிக்கு நினைவிருப்பதை இப்போதே ஒரு நோட்டில் தேதி வாரியாக எழுதச் சொல்லுங்கள், ஆறு மாதம் போனால் எல்லாம் கலைந்துவிடும்.

கலெக்டர் ஆபீசோடு சேர்ந்த முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அவன் முன்னாள் படைவீரர் கணக்கில் வரமாட்டான், ஆனாலும் கடிதம் எழுத, எங்கே அனுப்புவது என்று வழிகாட்ட ஆள் இருப்பார்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் படைவீரர் குடும்பங்களுக்கென்று 'வீர் பரிவார் சகாயதா யோஜனா' என்ற இலவச சட்ட உதவித் திட்டம் தொடங்கியிருக்கிறது. அதைப் பற்றியும் விசாரியுங்கள். பணம் கேட்டுக்கொண்டு முன்பின் தெரியாத ஏஜென்ட் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இந்த வேதனை சிப்பாய்களுக்கு மட்டும் உரியது இல்லை. ஆபீசர் பயிற்சியில், தேசிய பாதுகாப்பு அகாடமியில் முதுகெலும்பு உடைந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட கேடட்டுகளும் இருக்கிறார்கள். அவர்கள் கமிஷன் வாங்காதவர்கள், அதாவது இன்னும் ஆபீசர் ஆகாதவர்கள் என்பதால் ராணுவத்தினர் கணக்கிலேயே வராமல் இருந்தார்கள். 1985லிருந்து சுமார் 500 பேர் அப்படி அனுப்பப்பட்டிருக்கிறார்கள் என்று பத்திரிகையில் செய்தி வந்தபோது, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. நீதிபதி நாகரத்னாவோடு அந்த அமர்வில் இருந்தவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி மகாதேவன். அந்த மாதமே, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று அரசு அறிவித்தது. ரெக்ரூட்டைப் பற்றியும் இப்படி ஒரு நாள் பெரிய இடத்தில் பேச வேண்டும். பயிற்சி மைதானத்தில் விழுந்தவன் கேடட்டா ரெக்ரூட்டா என்று பார்த்து மனசு இரங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுபடி சேர முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். போர்டு அவுட் ஆனதை மறைத்துவிட்டு அடுத்த ரேலியில் புதுசாகப் போய் நிற்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், எங்கள் பக்கமே சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைச் செய்யவே கூடாது. சேர்க்கைப் படிவத்தில் முன்பு பணியாற்றியிருக்கிறாயா என்ற கேள்வி இருக்கும். தெரிந்தே பொய்ப் பதில் கொடுத்தால் ராணுவச் சட்டம் 44ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை. கைரேகையும் ஆதாரும் இருக்கிற காலத்தில் மாட்டாமல் இருக்கவும் முடியாது. இப்போது ஒரு கறையும் இல்லாமல் இருக்கும் பையன், அப்போதுதான் நிஜமாகவே குற்றவாளியாவான்.

காதைச் சரி செய்ய முடியும். செவிப்பறை ஓட்டைக்கு டிம்பனோபிளாஸ்டி என்று ஓர் அறுவை சிகிச்சை உண்டு. காதுக்கு மேலே பொட்டுப் பக்கத்துத் தசையை மூடியிருக்கும் சவ்வில் கொஞ்சம் எடுத்து ஓட்டையில் வைத்து ஒட்டுவார்கள். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். காது ஆறிய பிறகு தமிழ்நாடு போலீஸ், ரயில்வே, மத்திய ஆயுதக் காவல் படைகள் என்று எதற்கும் முயற்சி செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் மருத்துவ அளவுகோல் வேறு, அந்தந்த ஆண்டு அறிவிக்கையைப் படித்துவிட்டு விண்ணப்பிக்கட்டும். முன்பு பட்டாளத்தில் இருந்தாயா என்று கேட்கும் இடத்தில் எல்லாம் ஆமாம், மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்பட்டேன் என்று சான்றிதழைக் காட்டட்டும். ரேலியில் ஓடி ஜெயித்த கால்கள் இன்னும் அவனிடம்தான் இருக்கின்றன. காலை ஓட்டத்தை நிறுத்த விடாதீர்கள், ஆனால் குளம், ஏரி, கிணறு எதிலும் இறங்க வேண்டாம்.

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு இந்த வாரமே கூட்டிப் போங்கள். இரண்டு காரணம். ஒன்று, நடுக்காது நோயில் ஆபத்தில்லாத வகையும் ஆபத்தான வகையும் உண்டு. கொலஸ்டியடோமா என்ற ஆபத்தான வகை எலும்பை அரித்து மூளை வரைக்கும் போகக்கூடியது. எந்த வகை என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றது, கேள்வித்திறனை அளக்கும் ப்யூர் டோன் ஆடியோமெட்ரி. அந்த வரைபடத்தில் தேதியும் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். பயிற்சியிலிருந்து வந்து எத்தனை நாளில் எடுத்தது என்பது மேல்முறையீட்டில் பேசப்படும், நாள் தள்ளத் தள்ள வீட்டில் வந்ததாகக்கூடச் சொல்லிவிடுவார்கள். அது வரைக்கும் தலைக்குக் குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவி அந்தக் காதை அடைத்துக்கொள்ளட்டும். வீட்டில் எவ்வளவு ஆசையாகச் சொன்னாலும் எண்ணெய் மட்டும் காய்ச்சி ஊற்ற வேண்டாம். கவரில் இருக்கும் காகிதங்களைப் பிரித்து, தேதி வரிசையில் அடுக்கி, மேலே அந்தச் சான்றிதழை வைத்து ஒரு ஃபைலில் போட்டு, காலையில் ஓ.பி. சீட்டு வாங்கப் போகும்போது கையோடு கொண்டு போங்கள்.